டிஸ்ப்ளேபோர்ட்–எச்டிஎம்ஐ கேபிள் ஏன் ஒருவழிப் பாதை?

"கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐக்குக் கேபிள் வாங்கினேன், நன்றாக வேலை செய்கிறது. அதையே திருப்பி லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போட்டால் 'நோ சிக்னல்'. கேபிள் போய்விட்டதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேபிளில் ஒரு குறையும் இல்லை. டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐ இரண்டும் படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் இணைப்புகள்தான், ஆனால் அனுப்பும் முறை வேறு.

1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ என்ற பழைய மானிட்டர் இணைப்பில் நிறங்கள் மின்னழுத்தமாகப் போயின: பூஜ்யம் என்றால் கருப்பு, 0.7 வோல்ட் என்றால் முழு வெளிச்சம். 1999இல் டிவிஐ என்ற இணைப்பு வந்து டிஜிட்டல் ஆனது. 2002இல் வந்த எச்டிஎம்ஐ, படத்தை அனுப்ப டிவிஐயின் முறையையே எடுத்துக்கொண்டது. அதனால் இவை இரண்டுக்கும் நடுவே வெறும் கம்பிகள் போதும், எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் வரும்.

டிஸ்ப்ளேபோர்ட் (2006) வேறு சாதி. எச்டிஎம்ஐயின் அந்த முறையில் மூன்று ஜோடிக் கம்பிகள் சிவப்பு, பச்சை, நீலத்தைச் சுமக்கும். நான்காவது ஜோடி, தரவை எப்போது படிக்க வேண்டும் என்று தாளம் போடும் கிளாக். டிஸ்ப்ளேபோர்ட்டோ படத்தைப் பொட்டலம் பொட்டலமாக நறுக்கி அனுப்புகிறது. கிளாக்குக்குத் தனிக் கம்பி கிடையாது. தரவுக்குள்ளிருந்தே மானிட்டர் அதைப் பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு வேறுபாட்டை ஒரு மலிவான கேபிள் எப்படி மொழிபெயர்க்கிறது? மொழிபெயர்ப்பதே இல்லை! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டிஸ்ப்ளேபோர்ட்டில் 20 பின்கள். அவற்றில் 13ஆவது பின்னைக் கம்ப்யூட்டர் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பூஜ்ய வோல்ட்டில் வைத்துக் கவனித்துக்கொண்டிருக்கிறது. சாதாரண டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைச் செருகினால் அது அப்படியே இருக்கும். எச்டிஎம்ஐ அடாப்டரைச் (வாசகர் வாங்கியது போன்ற கேபிளின் முனையிலும் இதுதான் இருக்கிறது) செருகினாலோ, 20ஆவது பின்னில் கிடைக்கும் 3.3 வோல்ட்டைக் கொண்டு அடாப்டர் 13ஆவது பின்னின் மின்னழுத்தத்தை மேலே இழுக்கிறது. உடனே கிராஃபிக்ஸ் சிப் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிடுகிறது. அதே நான்கு ஜோடிக் கம்பிகளில் மூன்று நிறங்களுக்குப் போகின்றன, நான்காவது கிளாக் ஆகிறது. மானிட்டரோடு பேசும் துணைக் கம்பிகளும் எச்டிஎம்ஐ வழக்கத்துக்கு மாறிக்கொள்கின்றன. கம்ப்யூட்டரே எச்டிஎம்ஐ பேசத் தொடங்கிவிடுகிறது. அடாப்டருக்குள் இருக்கும் சிறு சிப் மின்னழுத்த அளவைச் சரிசெய்வதோடு சரி.

திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு எச்டிஎம்ஐ மட்டுமே தெரியும். மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட் பொட்டலங்களுக்காகக் காத்திருக்கிறது. இருவரில் ஒருவரும் மாற மாட்டார்கள். வருகிற படத்தை வாங்கிப் புதிதாகப் பொட்டலம் கட்டும் சிப் உள்ள கன்வெர்ட்டர் தேவை. அதற்கு மின்சாரம் ஊட்டப் பெரும்பாலும் யுஎஸ்பி வாலும் இருக்கும். விலையும் கூடுதல்தான்.

திசையைப் பெட்டியின் முகப்பில் பெரிய அம்புக்குறியாக அச்சிடுவதைச் சட்டமாக்கினால் தேவலை என்பது என் கருத்து. அங்கே இப்போது தங்க முலாம்தான் பளபளக்கிறது. முலாம் துருவைத் தடுக்கும், உண்மை. நிறங்களைப் பளிச்சென்று ஆக்கும் என்பது தாயத்து விற்பதற்குச் சமம். டிஜிட்டல் தரவு ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டால் எந்தக் கேபிளிலும் ஒரே படம்தான்.

கடைக்குப் போகுமுன் மானிட்டரின் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். பல மானிட்டர்களில் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் பக்கத்திலேயே எச்டிஎம்ஐயும் இருக்கும். இருந்தால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளே போதும்.