தோற்றவர் ஏன் மறுபடி வருகிறார்?

லாஸ் வேகாஸ் போக்கர் மேசையில், சீட்டுப் போடும் ஊழியரான டீலரின் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். ஆட்டத்தில் பணம் சேரச் சேர, நடுவில் குவிந்ததிலிருந்து பணத்துக்குப் பதிலான வில்லைகளான சிப்புகளில் இரண்டொன்றை எடுத்து அதன்மேல் வைப்பார். ஆட்டம் முடிந்ததும் அவை கீழே தொங்கும் பூட்டிய பெட்டிக்குள் விழும். சூதாட்ட விடுதி எடுக்கும் இந்தக் கழிவுக்கு ‘ரேக்’ என்று பெயர். போக்கரில் யார் ஜெயித்தாலும் விடுதிக்கு ஒன்றுதான்; ஆடுகிறவர்கள் தங்களுக்குள்தான் பணத்தைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் போட்டபடியே இருப்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மேசையில் 9 பேர், ஆளுக்கு 200 டாலர்; மொத்தம் 1,800. நேரில் ஆடும்போது மணிக்குச் சுமார் 30 ஆட்டம் ஓடும். ஆட்டத்துக்குச் சராசரியாக 4 டாலர் ரேக், டீலருக்கு 1 டாலர் டிப்ஸ் என்று வைத்தால் மணிக்கு 150 டாலர் மேசையை விட்டுப் போகிறது. யாரும் புதிதாகப் பணம் கொண்டுவராவிட்டால், 12 மணி நேரத்தில் ஒருவர் கையிலும் ஒரு சிப் இருக்காது, எத்தனை பெரிய கெட்டிக்காரர் உட்கார்ந்திருந்தாலும். ஆகவே ஒரு மேசையின் லாபம் ஆடுபவரின் திறமையைவிட, வெளியிலிருந்து வரும் பணத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதைக் கொண்டுவருபவர் பொழுதுபோக்காக ஆட வந்தவர். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அவரை ‘மீன்’ என்கிறார்கள். எனக்குப் பிடிக்காத சொல் அது. அவர் மேசையின் விருந்தாளி.

அவர் எப்படித் தோற்கிறார் என்று பாருங்கள். கையில் ஆட்டின் ராணியும் ஆட்டின் ஏழும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் நான்கு சீட்டில் இரண்டு ஆட்டின். கடைசிச் சீட்டும் ஆட்டினாக விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ், வெற்றி. நடுவில் 60 டாலர் இருக்கிறது. எதிராளி இன்னொரு 60 கட்டுகிறார். நம்மவரும் 60 போட்டுத் தொடர்கிறார். கண்ணில் படாத 46 சீட்டில் 9தான் ஆட்டின். ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை 120 டாலர் வரும். மற்ற நான்கு தடவையும் 60 போகும். இப்படித் தொடரும் ஒவ்வொரு தடவையும் சராசரியாகச் சுமார் 25 டாலர் நஷ்டம். ஆனால் சராசரியை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆட்டின் விழுந்த அந்த ஒரு தடவைதான் மனதில் நிற்கிறது.

இந்த ஆட்டத்தைத் தாங்கி நிற்பதே திறமையை மறைக்கும் அதிர்ஷ்டத்தின் இரைச்சல்தான். இத்தகைய சின்ன மேசையில் மணிக்குச் சராசரியாக 10 டாலர் சம்பாதிக்கும் ஒருவருக்கு, ஒரு மணி நேர ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 100 டாலர் அளவில் இருக்கும். எட்டு மணி நேரம் ஆடினால் பத்தில் நான்கு நாள் நஷ்டத்தோடுதான் எழுந்திருப்பார். 100 மணி நேரம் ஆடிய பிறகும் ஆறில் ஒரு வாய்ப்பு அவர் கைநஷ்டத்தில் இருக்க. 1,000 மணி நேரம் ஆனால்தான் அந்த வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போகிறது. இதையே திருப்பிப் போடுங்கள்: மணிக்கு 10 டாலர் தோற்கிறவர் பத்தில் நான்கு நாள் லாபத்தோடு வீடு திரும்புகிறார். சதுரங்கத்தில் இது நடக்காது. அங்கே வல்லவரிடம் இரண்டு நாள் தோற்றால் மூன்றாம் நாள் பணம் வைத்து ஆட யாரும் வரமாட்டார்கள்.

விதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. லாஸ் வேகாஸில் ஒரு காலத்தில் பணம் வைத்து ஆடும் மேசைகள் பெரும்பாலும் ‘லிமிட்’ வகை. பந்தயத் தொகைக்கு வரம்பு இருந்தது. வரம்பற்ற ஆட்டத்தில் புதியவர் ஒரே ஆட்டத்தில் அத்தனையும் இழப்பார், மறுபடி வரமாட்டார். 2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் உலகப் போக்கர் தொடரில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஆண்டு முக்கியப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர், 2006இல் 8,773. தொலைக்காட்சியில் பார்த்த வரம்பற்ற ஆட்டத்தையே எல்லோரும் கேட்டார்கள். விடுதிகளும் அதைத் தந்தன, ஆனால் மேசைக்குக் கொண்டுவரும் பணத்துக்கு உச்சவரம்பு வைத்து. இத்தனை பேர் இத்தனை காலம் ஆட முடிந்ததற்கு அந்தச் சின்ன விதியே முக்கியக் காரணம் என்பேன்.

ரேக் கூடினால் முதலில் யார் விழுவார்? 1926இல் இத்தாலியக் கணிதவியலர் வீட்டோ வோல்டெரா, ஏட்ரியாட்டிக் கடல் மீன்களைப் பற்றி இதைப் போன்ற ஒரு கேள்விக்கு விடை தேடினார். முதல் உலகப்போரில் மீன்பிடிப்பு குறைந்தபோது, சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. எல்லா மீன்களையும் ஒன்றாக அள்ளும் வலை, வேட்டை மீன்களைத்தான் அதிகம் பாதிக்கிறது என்பது அவர் கண்ட விடை. போக்கரில் அந்த வலைதான் ரேக்; வேட்டை மீன், ஜெயித்துச் சம்பாதிக்கிறவர். ஆட்டத்துக்கு 3 டாலர் கூடுதலாக எடுத்தால் ஆளுக்கு மணிக்கு 10 டாலர் போகும். மணிக்கு 10 டாலர் சம்பாதித்தவருக்கு இனி ஒன்றும் மிஞ்சாது. விருந்தாளிக்கோ வித்தியாசமே தெரியாது, கொஞ்ச நாளைக்கு.

அனுபவசாலிகள் ‘மீன்தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதே’ என்பார்கள். தப்பாக ஆடி ஜெயித்தவரிடம் அவர் தப்பை எடுத்துச் சொல்லாதே, முகம் சுளிக்காதே என்று அர்த்தம். அவர் வருவது இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசி ஆட, அவமானப்பட அல்ல. கடுகடுவென்று உட்கார்ந்து ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு நிமிடம் யோசிப்பவரும் கண்ணாடியைத் தட்டுகிறவர்தான்.

நள்ளிரவு தாண்டி அந்த விருந்தாளி சிப்புகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போன பிறகு மேசையைக் கவனிக்க வேண்டும். மிச்சமிருக்கும் எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒருவர் காத்திருப்போர் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். யாரும் இல்லை என்றால் இருவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அரை மணி நேரத்தில் டீலர் சீட்டுக்கட்டைப் பரப்பி எண்ணத் தொடங்கிவிடுவார்.