நோய் எதிர்ப்பு சக்தியைக் குப்பியில் விற்க முடியாது

நடுக்குவாத (பார்க்கின்சன் நோய்) ஆய்வு பற்றிய செய்திகளில் ‘நோயைக் கண்டறியும் நோய் எதிர்ப்பு சக்தி’ என்றே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். சக்தி என்பது உடலின் திறன். ஆய்வகத்தில் குப்பியில் இருப்பதோ ஆன்டிபாடி என்ற ஒரு புரதம். படிப்பவர் மருந்தே வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்.

மூலச்சொல் ஜெர்மன்: 1891இல் பால் எர்லிக் எழுதிய ‘ஆன்டிக்கோர்ப்பர்’. ஆன்டி எதிர், கோர்ப்பர் உடல் அல்லது பொருள். ‘ஆன்டிபாடி’ அதன் நேர்பெயர்ப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எதிர்ப்பொருள்.

இலங்கை வழக்கு ‘பிறபொருளெதிரி’. அக்கறையோடு ஆக்கிய சொல்தான். அயற்பொருளை எதிர்ப்பது என்ற விளக்கத்தையே பெயராக்கிவிட்டது. சிக்கலும் அதுவே. நடுக்குவாதத்தில் தேடப்படுவது ஆல்ஃபா சினுக்ளின். 140 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தை நம் நரம்பணுக்களே ஆக்குகின்றன. அது எப்படிப் பிறபொருள் ஆகும்? எதிர்ப்பொருள் எடுப்பதற்காக அந்தப் புரதம் ஊசியில் செலுத்தப்படும் விலங்குக்கு அது பிறபொருள்தானே என்பார்கள். எலியின் சினுக்ளினுக்கும் மனிதருடையதற்கும் 7 இடங்களில்தான் வேறுபாடு. அதனால்தான் சினுக்ளின் மரபணுவையே நீக்கிய எலிகளில் எதிர்ப்பொருள் எடுப்பதும் உண்டு. தன் உடலையே தாக்கும் வகையை என்னவென்பது? ‘தன்பிறபொருளெதிரி’யா? தன்னும் பிறவும் ஒரே சொல்லில் முட்டிக்கொள்கின்றன. எதிர்ப்பொருள் பற்றும் பொருளான ஆன்டிஜெனுக்கு ‘பிறபொருளெதிரியாக்கி’ என்கிறார்கள். வால் மட்டுமே வேறு. வேகமாகப் படிக்கும் மாணவர் இரண்டையும் குழப்பாமல் என்ன செய்வார்?

சோதனை மேசையில் எதிர்ப்பதற்கு எதுவும் இல்லை. பற்றுவது ஒன்றே வேலை. எதை, எந்த இடத்தில் என்பதே கேள்வி. எல்பி509 என்ற எதிர்ப்பொருள் சினுக்ளினின் 115 முதல் 122 வரையுள்ள அமினோ அமிலப் பகுதியைப் பற்றும். அதற்கு முன்பே வால் நறுக்கப்பட்ட சினுக்ளின் அதன் கண்ணில் படாது. நோயாளியின் நரம்பணுக்களில் சேரும் புரதத் திரள்களான லூயி உடலங்களில் உள்ள சினுக்ளினில் சுமார் 90%, 129ஆம் இடத்தில் உள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியது. அதைத் தேடும் 81ஏ என்ற எதிர்ப்பொருள், பாஸ்பேட் ஏறிய நரம்பிழைப் புரதத்தையும் பற்றிவிடும். சினுக்ளின் மரபணு நீக்கிய திசுவை ஒப்பீட்டுக்கு வைக்காவிட்டால் ஏமாந்துபோவோம்.

புரதங்களைச் சவ்வில் ஒற்றி எதிர்ப்பொருளால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் இந்தச் சிறு புரதம் சவ்விலிருந்து கழன்று போய்விடும். கழுவுவதற்கு முன் 0.4% பாராஃபார்மால்டிஹைடில் 30 நிமிடம் ஊறவைத்தால் நிற்கும். பாஸ்பேட்டைத் தேடும்போது, சவ்வின் வெற்றிடங்களை மூடப் பால் பவுடரைத் தவிர்ப்பது நல்லது: பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். அல்புமின் போதும். சிவப்பணுக்களில் சினுக்ளின் ஏராளம் என்பதால், தண்டுவட நீரில் துளி இரத்தம் கலந்தாலும் எதிர்ப்பொருளால் அளவெடுக்கும் எலைசா சோதனையில் அளவு பொய்யாக உயரும்.

அப்படியானால் ‘பற்றுப்புரதம்’ என்றே சொல்லலாமே? பொருள் துல்லியம்தான். ஆனால் எதிர்ப்பொருள் ஒரு தலைமுறை மாணவர் நாவில் பழகிவிட்டது; பழகிய சொல்லைப் பிடுங்கிப் புதிதாக நடுவது குழப்பத்தையே கூட்டும். இயற்பியலிலும் எதிர்ப்பொருள் (ஆன்டிமேட்டர்) உண்டு என்பது மெய்யான குறை. என்றாலும் சினுக்ளின் பற்றிய கட்டுரையில் யாரும் அண்டவெளியை நினைக்கப் போவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் திருத்த வேண்டிய இன்னொன்று: ‘சினுக்ளினுக்கு எதிரான எதிர்ப்பொருள்’. எதிர் ஏற்கெனவே சொல்லுக்குள் இருக்கிறது. கண்டறியும் கருவி என்றால் ‘சினுக்ளினைப் பற்றும் எதிர்ப்பொருள்’ என்று எழுதுங்கள். நோயாளிக்கே செலுத்திச் சோதிக்கும் பிராசினெசுமாப் போன்றவற்றை ‘எதிர்ப்பொருள் மருந்து’ எனப் பிரித்துச் சொல்லுங்கள்.