மன்னார் வளைகுடாவுல எங்க மீன் பிடிக்கலாம், எங்க கூடாது?

மன்னார் வளைகுடா முழுக்கவே மீன் பிடிக்கத் தடைன்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, அப்படி இல்லைங்க. தேசியப் பூங்காவுக்குள்ள மட்டும்தான் தடை, அதாவது தூத்துக்குடிலேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் இருக்கற 21 தீவு, அதைச் சுத்தின ஆழம் கம்மியான கடல், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர், 1986-ல அறிவிச்சது. 1989-ல வந்த உயிர்க்கோளக் காப்பகம், அதாவது பூங்காவையும் சேர்த்து அதைச் சுத்தின பெரிய பாதுகாப்பு எல்லை, 10,500 சதுர கிலோமீட்டர், அதுல பூங்காவை விட்டுட்டு மத்த எடத்துல வழக்கமான தொழில் பண்ணலாம். ஏப்ரல் 15-லேருந்து விசைப்படகுக்கு வர்ற 61 நாள் தடை வேற, அதைப் போடறது மீன்வளத்துறை, பூங்காத் தடை வனத்துறையோடது.

சரி, தீவை மூடி வெச்சா வெளிய வலை போடறவனுக்கு என்ன லாபம்? பவளப்பாறையும் கடல்புல்லும்தான் விளமீன், கலவா, ஓரா குஞ்செல்லாம் வளர்ற எடம், அங்க யாரும் கை வைக்கலேன்னா மீன் பெருசாகும், பெரிய தாய்மீன் போடற முட்டை சின்னது போடறதை விட பல மடங்கு, அந்த முட்டையும் குஞ்சும் நீவாட்டுல, அதாவது கடல் நீரோட்டத்துல, வெளிய போகும், எடம் பத்தாம பெரிய மீனும் எல்லையைத் தாண்டும். பிலிப்பைன்ஸ்ல ஆப்போ தீவுல 1982-ல ஊர்க்காரங்களே கொஞ்சம் பாறையை மூடி வெச்சாங்க, வருஷம் போகப் போக அந்த எல்லைக்குப் பக்கத்துல தூண்டில் போட்டவங்களுக்குத்தான் நல்லா மீன் கெடச்சுது. ஆனா சாளை, வஞ்சரம் மாதிரி ஓடிட்டே இருக்கற மீனுக்கு இதால பெரிய பலன் எதிர்பார்க்காதீங்க. எல்லைக்கு வெளியவே இழுவைமடி (விசைப்படகு இழுத்துட்டுப் போற வலை) கடல் தரையைச் சொரண்டிட்டு இருந்தாலும் தாண்டி வர்ற மீன் தங்காது.

எனக்கு உறுத்தறது ஒண்ணு. பலன் வர வருஷக்கணக்காகும், நஷ்டம் மொத நாளே வந்துடும், அதுவும் விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்கி பாசி எடுக்கற பொம்பளைங்களுக்கு. தீவைச் சுத்திதான் அவங்க பொழப்பே, சட்டப்படி பூங்காவுக்குள்ள எதையும் எடுக்கக் கூடாது. பவளப்பாறையைப் பல வருஷமா வெட்டி எடுத்ததுல ரெண்டு தீவு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், கடலுக்குள்ளயே போயிடுச்சு, அதைப் பண்ணது இவங்களா?

இன்னொண்ணு, கடல் அட்டை, கடல்குதிரை, பவளம், ஆவுளியா (கடல்பசு) இதெல்லாம் வனவிலங்குச் சட்டத்துல வருது, பூங்காவுக்கு வெளிய கெடச்சாலும் கேஸ்தான். வலையில தெரியாம மாட்டினா உயிரோட இருக்கும்போதே கடல்ல விட்டுடுங்க, கரைக்குக் கொண்டு வராதீங்க.