சிறு தட்டுகளும் தாஷிச் சாறும்

ஜப்பானில் எடோ காலத்து (1603–1868) மதுக்கடைகள் சில, வாங்கியவர்கள் அங்கேயே அமர்ந்து குடிக்க இடமளித்தன. இன்றைய இசகாயா உணவகங்கள் அவற்றிலிருந்து வளர்ந்தவையே. அங்கே உப்பிட்டு அவித்த பச்சைச் சோயாக் காய்கள், குளிர்ந்த டோஃபு, பச்சை மீன் துண்டுகள், கரியடுப்பில் வாட்டிய கோழிக்கறி எனச் சிறு தட்டுகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வர, கூடியிருப்போர் அவற்றைப் பகிர்ந்து உண்கிறார்கள். நான்கைந்து வாயில் தீர்ந்துவிடும் இத்தட்டுகள் தரும் நிறைவுக்குக் காரணம் மூளையிலும் நாவிலும் இருக்கிறது.

ஒரே உணவைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மீதுள்ள விருப்பம் குறைந்துகொண்டே போகிறது. இன்னும் தொடாத வேறோர் உணவின்மீதுள்ள விருப்பமோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் உள்ளிட்டோர் 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்து விளக்கிய இந்த இயல்பைப் புலன்சார் தெவிட்டல் எனலாம். செரிமானம் நடந்து முடிவதற்குள், சில நிமிடங்களிலேயே இது தோன்றிவிடுவதால், சத்தைவிடச் சுவை, மணம், பதம், தோற்றம் ஆகியவையே இதை முதன்மையாக முடிவுசெய்கின்றன. தெவிட்டல் தலைகாட்டும் முன்பே சிறு தட்டு காலியாகிவிடுகிறது. அடுத்தது புதிய பதத்தோடு வருகிறது. இதனால் குறைவாகவே உண்போம் என்று எண்ணிவிடக் கூடாது: வகைகள் கூடக்கூட உண்ணும் அளவும் கூடுவதையே ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆயினும் என்னை மிகவும் வியக்க வைப்பது, இத்தட்டுகள் பலவற்றுக்கும் அடியில் இருக்கும் தாஷி என்னும் தெளிந்த சாறுதான். கொம்பு என்ற கடற்பாசியை நீரில் இட்டு மெல்லச் சூடேற்றி, கொதி வருமுன் எடுத்துவிட்டு, புகையூட்டிக் கல்லைப்போல் உலர்த்திய சூரை மீனின் சீவல்களைச் சிறிது நேரம் ஊறவைத்து வடிக்கிறார்கள். இலங்கைச் சமையலில் சேரும் மாசியும் அதே மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்தியதே என்பதால், அந்த மணம் நம்மவர் பலருக்கும் புதிதல்ல.

தோக்கியோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிகுனாயே இக்கேதா, இச்சாற்றின் சுவைக்குக் கொம்பிலுள்ள குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளே காரணம் என 1908இல் கண்டறிந்து, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா 1913இல் சூரைச் சீவலில் இனோசினேட் என்னும் மற்றொரு சுவைப்பொருளை இனங்கண்டார். இவ்விரண்டும் சேரும்போது உமாமிச் சுவை கூட்டுத்தொகையாக அல்லாமல் பல மடங்காகப் பெருகுகிறது. நாவில் உமாமியை உணரும் புரதமான ஏற்பியின் ஒரு பகுதி, பூச்சியைப் பிடிக்கும் செடியின் இலையைப்போல் இரு மடல்களாகத் திறந்து மூடுகிறது. குளூட்டமேட் மடல்களின் கீல் அருகே அமர்ந்து அவற்றை மூடச்செய்ய, இனோசினேட் வாய்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அவை எளிதில் திறந்துவிடாதபடி தாங்குகிறது; அதனால் ஏற்பி எழுப்பும் சமிக்ஞை வலுவாகிறது.

இதை ஒரே சிறு கிண்ணத்தில் உணர வேண்டுமானால் சவான்முஷியை உண்டு பார்க்கலாம். அடித்த முட்டையுடன் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தாஷியைக் கலந்து, இறால், கோழித்துண்டு, ஷிட்டாக்கே காளான் ஆகியவற்றின்மேல் ஊற்றி, மிதமான ஆவியில் அவிக்கிறார்கள். முட்டையின் புரதங்கள் விரிந்து ஒன்றோடொன்று பின்னி, அவ்வளவு சாற்றையும் மெல்லிய வலையில் பிடித்துவைக்கின்றன. சூடு மிகுந்தாலோ வலை இறுகிச் சாறு பிரிந்து, உள்ளே துளைகள் விழுந்துவிடும். கரண்டியில் நடுங்கும் அந்தக் கூழின் பெரும்பகுதி தாஷியே.