சாத்துக்குடி சோர்பே ஏன் கல்லானது?

“இனிப்பு அதிகம் வேண்டாமே என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் சாத்துக்குடி சோர்பே செய்தேன். மறுநாள் கரண்டியே இறங்கவில்லை. ஃப்ரீசரில் ஏதாவது கோளாறா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஃப்ரீசர் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. குறைத்த சர்க்கரைதான் காரணம்.

சோர்பே என்பது பழச்சாற்றையும் சர்க்கரையையும் உறையவைத்துச் செய்வது, பால் கிடையாது. பெயர்கூட நமக்கு உறவுதான். குடிப்பதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து கிளம்பிய சொல் ஒரு பக்கம் நம்மூர் நன்னாரி சர்பத் ஆனது, இன்னொரு பக்கம் இத்தாலி, பிரான்ஸ் வழியாக சோர்பே ஆனது.

தண்ணீரில் எதையாவது கரைத்தால் உறைநிலை இறங்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரை கரைத்தால் ஏறக்குறைய 1.86 டிகிரி இறங்கும். அந்த 1.86 டிகிரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-இல் அல்லவா இருக்கிறது! அப்படியானால் எல்லாமே கல்லாகத்தானே வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பனிப்படிகம் ரொம்பக் கறாரானது. தண்ணீர் மூலக்கூறுகளை மட்டுமே தன் அடுக்கில் சேர்த்துக்கொள்ளும், சர்க்கரையை வெளியே தள்ளிவிடும். முதல் படிகங்கள் உருவானதும் என்ன ஆகிறது? தண்ணீர் பனியாகப் பிரிந்து போகிறது, சர்க்கரை முழுவதும் மிச்சமிருக்கும் நீரிலேயே தங்குகிறது. பாகு கெட்டியாகிறது. கெட்டியான பாகின் உறைநிலை இன்னும் கீழே. மேலும் குளிர்ந்தால்தான் அடுத்த படிகம் உருவாகும். அது உருவானால் பாகு இன்னும் கெட்டியாகும். தண்ணீரில் பாதி உறைந்தபோது கணக்குப்படி உறைநிலை மைனஸ் 3.7, முக்கால்வாசி உறைந்தபோது மைனஸ் 7.4. உண்மையில், பாகு கெட்டியாகும்போது கணக்கு சொல்வதைவிடவும் கீழே போகும். உறைய உறைய உறைவது கடினமாகிக்கொண்டே போகிறது! மைனஸ் 18-இலும் படிகங்களுக்கு நடுவே கொஞ்சம் பாகு உறையாமல் நிற்கும். கரண்டி இறங்குவது அந்தப் பாகின் தயவால்தான். சர்க்கரையைப் பாதியாக்கினால் அந்தப் பாகும் ஏறக்குறைய பாதியாகிவிடும். படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகும்.

கரைந்த பொருளுக்கு ஏற்ற அளவில் உறைநிலை இறங்குகிறது என்பதை 1788-இலேயே சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி உப்புக் கரைசல்களில் அளந்து காட்டினார். பனிக்கட்டி, கல் உப்பு, ஒரு வெப்பமானி இருந்தால் எந்த வகுப்பறையிலும் இதைச் செய்து பார்க்கலாம். நன்றாகக் கலந்தால் மைனஸ் 20-ஐ ஒட்டிப் போகும். குல்ஃபி விற்பவர் பானையில் ஐஸோடு உப்பைப் போடுவது இதற்காகத்தான். பல பள்ளிகளில் இது வெறும் சூத்திரமாகக் கரும்பலகையில் எழுதப்பட்டு அழிக்கப்படுகிறது. ஸ்மார்ட் பலகைக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கை வெப்பமானிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, செய்முறைக்கு வருவோம். சாத்துக்குடிச் சாறு 600 மில்லி, எலுமிச்சைச் சாறு 50 மில்லி, சர்க்கரை 200 கிராம். பழத்தில் இருக்கும் இனிப்பையும் சேர்த்தால் கலவையில் கால்வாசிக்குச் சற்று மேல் சர்க்கரை. வாயில் வைத்தால் திகட்டும், பயப்பட வேண்டாம். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டாகத்தான் தெரியும். சாத்துக்குடிச் சாறு வைத்திருந்தால் கசக்கும். லிமோனின் என்ற பொருள் சாறு பிழிந்த பிறகு மெல்ல மெல்ல உருவாகும். அதனால் கொட்டை நசுங்காமல் பிழிந்து, உடனே சர்க்கரையைக் கரைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் கொஞ்சம் துருவிப் போட்டால் மணம் தூக்கும், வெள்ளைப் பகுதி வேண்டாம்.

மெஷின் தேவையில்லை. ஐஸ் டிரேயில் உறையவைத்து, கட்டிகளை மிக்ஸியில் விட்டுவிட்டு அடித்து, டப்பாவில் அழுத்தி மறுபடி இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். மிக்ஸி பெரிய படிகங்களை உடைக்கிறது. படிகம் ஏறக்குறைய 50 மைக்ரோமீட்டரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் நாக்கில் நறநறக்கத் தொடங்கும்.

அப்புறம், மின்வெட்டு. சோர்பே லேசாக இளகி மறுபடி உறையும்போது, சிறு படிகங்கள் முதலில் கரைந்துவிடும். அந்தத் தண்ணீர் பெரிய படிகங்களின் மேல் போய் ஒட்டி அவற்றை இன்னும் பெரிதாக்கும். சுவை மாறாது, வழவழப்பு போய்விடும். கரண்டு வந்து நன்றாக உறைந்த பிறகு, துண்டு துண்டாக வெட்டி இன்னொரு முறை மிக்ஸியில் அடித்துவிடுங்கள்.