டைட்டானியமும் எஃகும் ஒட்டாது: குழல்முனைச் சாதனத்தை நிரந்தரமாகப் பொருத்துவோர் கவனத்திற்கு

சென்ற வாரம் என் பட்டறைக்கு ஒரு ரைபிள் வந்தது. 14.5 அங்குலக் குழல், அதன் முனையில், சுடும்போது வரும் பின்னுதைப்பைக் குறைக்க, டைட்டானியத்தால் ஆன மஸில் பிரேக். பின் (சிறு உலோக ஆணி) அடித்து, அதன் தலையை மூடிப் பற்றவைத்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் ஒரு சிறு பள்ளம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அங்கே இருந்திருக்க வேண்டிய உலோக மணி (பற்றவைத்து உறைந்த சிறு திரள்), இரண்டாவது முறை சுடச் சென்றபோது பின்னையும் இழுத்துக்கொண்டு தெறித்துப் போயிருந்தது. பிரேக்கைக் கையால் பிடித்துத் திருகினேன். அது கழன்று வந்தது. இந்த ஆண்டில் இதே நிலையில் என்னிடம் வந்த நான்காவது ரைபிள் இது என்பதால், வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அமெரிக்காவில் ரைபிள் வைத்திருப்பவர்களுக்குச் சட்டப் பின்னணி பெரும்பாலும் தெரிந்ததுதான். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ், குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிளைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம்; பத்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. 14.5 அங்குலக் குழலின் முனையில் ஒரு சாதனத்தை நிரந்தரமாகப் பொருத்திவிட்டால், அதன் நீளமும் குழலின் நீளத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். எது நிரந்தரம் என்பதை, துப்பாக்கிச் சட்டங்களைச் செயல்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான ஏ.டி.எஃப். மூன்று வழிகளாகச் சொல்கிறது: சுற்றிலும் முழுமையாக உருக்கிப் பற்றவைப்பது, குறைந்தது 1,100 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் உருகும் வெள்ளிப் பற்றாசால் இணைப்பது, அல்லது ஊடுருவாத துளையில் பின் அடித்து அதன் தலையைப் பற்றவைத்து மூடுவது. மரையில் தடவும் பசை, எவ்வளவு வலுவான சிவப்புப் பசையாக இருந்தாலும், இந்த மூன்றில் ஒன்றல்ல.

சிக்கல் தொடங்குவது, இந்த விதிகள் எஃகுச் சாதனத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதை மறந்து, டைட்டானியச் சாதனத்துக்கும் அப்படியே செய்து முடிக்கும்போதுதான். "நல்ல டிக் வெல்டர் (ஆர்கான் வாயு மூடி நிற்க மின்பொறியால் பற்றவைப்பவர்) கையில் எந்த உலோகமும் எந்த உலோகத்தோடும் ஒட்டும்" என்ற நம்பிக்கை எப்படி இவ்வளவு பரவியது என்று எனக்குப் புரியவில்லை. பற்றவைப்பில் கைத்திறன் மிக முக்கியம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், டைட்டானியமும் இரும்பும் ஒன்றாக உருகி உறையும்போது நடப்பது வேதியியல். அதைக் கைத்திறனால் மாற்ற முடியாது. திட நிலையில் டைட்டானியத்துக்குள் இரும்பு மிக மிகக் குறைந்த அளவே கரையும். எஞ்சியது, இரு உலோகங்களும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்த சேர்மங்களாகப் படிகிறது. அவை கடினமானவை, ஆனால் கண்ணாடியைப் போல நொறுங்குபவை. அதோடு, சூட்டில் எஃகு விரியும் அளவுக்கு டைட்டானியம் விரிவதில்லை. ஆறும்போது எஃகே அதிகம் சுருங்கும். நொறுங்கும் தன்மையுள்ள படலத்தை இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இழுத்தால் என்ன ஆகும்? பல நேரங்களில் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும்போதே விரிசல் விழுந்துவிடுகிறது. விழாமல் தப்பியது சில நூறு குண்டுகளின் அதிர்ச்சியில் விழுகிறது.

வேதிப்பொருள் ஆலைகள் டைட்டானியத் தகட்டை எஃகுத் தகட்டோடு இணைக்க விரும்பும்போது வெடிபொருளின் விசையால் ஒன்றன்மேல் ஒன்றை அறைந்து பிணைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வனேடியம், நியோபியம் போன்ற இடைப்படலம் வைத்து இணைக்கும் முறைகளும் உண்டு. நேராக உருக்கிப் பற்றவைப்பது முடிகிற காரியமாக இருந்தால், இத்தனை செலவையும் ஆபத்தையும் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். வெள்ளிப் பற்றாசு என்ற வழியும் இங்கே கைகொடுப்பதில்லை. திறந்த காற்றில் டார்ச்சால் சூடாக்கும்போதே டைட்டானியத்தின் மேல் ஆக்சைடு படலம் மூடிக்கொள்வதால், பற்றாசு அதில் ஒழுங்காகப் பரவாது.

ஆகவே, நடைமுறையில் எஞ்சுவது பின் வழி மட்டுமே. அதிலும் பின் டைட்டானியமாகவே இருக்க வேண்டும். எஃகுப் பின்னை டைட்டானியச் சாதனத்தில் அடித்து, தலையை எஃகுக் கம்பியால் மூடியதுதான் நான் பார்த்த நான்கு ரைபிள்களிலும் நடந்த தவறு. டைட்டானியப் பின் குழலின் மரையிட்ட முனையில் உள்ள ஆழமற்ற குழியில் உட்கார்ந்து, சாதனம் சுழலாதபடி தடுக்கிறது. பற்றவைப்பு அந்தப் பின்னின் தலையைச் சாதனத்தின் சுவரோடு மட்டும் சேர்க்கிறது. உருகிய உலோகம் குழலின் எஃகைத் தொடவே கூடாது. இது கூர்ந்த கவனமும் சரியான அளவுகளும் வேண்டும் வேலை. குழி ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கினால் குழலின் உட்புறம் கெட்டுவிடும் என்பதால், வீட்டுக் கொட்டகையில் கைத்துளைப்பானை வைத்துக்கொண்டு தயவுசெய்து முயலாதீர்கள்.

பற்றவைப்பின் நிறத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சூடான டைட்டானியம் காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி உறுதி குலையும். அதனால்தான் மணி ஆறும்வரை ஆர்கான் வாயு அதை மூடியிருக்க வேண்டும். வெள்ளி போல் பளபளப்பதும் வெளிர் வைக்கோல் நிறமும் நல்ல அறிகுறிகள். அடர்நீலம், சாம்பல், சுண்ணாம்புத் தூள் போன்ற வெண்மை ஆகியவை தெரிந்தால் அந்த வேலையை ஏற்காதீர்கள். வானவில் நிறங்கள் அழகாக இருப்பதாகச் சொல்லி அதைப் படமெடுத்து அனுப்பிய வாடிக்கையாளர்களும் உண்டு. அந்த அழகு, வாயு போதவில்லை என்பதற்கான சான்று. மணி வெள்ளியாக இருந்தாலும் அது எந்த உலோகத்தை எதோடு சேர்த்தது என்று அந்த நிறம் சொல்லாது. அதை வேலை செய்தவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. பின் எந்த உலோகம், நிரப்புக் கம்பி எந்த உலோகம், ஆறும்போது ஆர்கான் எப்படிக் காக்கப்படுகிறது என்று கேளுங்கள். உரிமம் பெற்ற கடையாக இருந்தும் இவற்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், ரைபிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் கேஸ் பிளாக்கையும் (குழலின் மேல் பொருந்தி, சுடும் வாயுவைத் திருப்பிவிடும் பாகம்) கைப்பிடி உறையையும் இறுதியாக முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் அவற்றை மாற்ற, பற்றவைத்ததை அரைத்து எடுக்க வேண்டியிருக்கும். சாதனம் குழலோடு நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று குழலுக்குள் நேரான அளவுக்கம்பி விட்டுப் பார்த்த பிறகே பின் அடிக்கச் சொல்லுங்கள். துளையிடும்போது சேரும் டைட்டானியச் சீவல் எளிதில் தீப்பற்றும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைப் பட்டறைக்காரர்களும் நினைவில் வைக்க வேண்டும்.

2026 ஜனவரி 1 முதல் குறுங்குழல் ரைபிளுக்கான 200 டாலர் வரி நீங்கியதால் இனி நீளத்தைப் பற்றிய கவலையே வேண்டாம் என்று சிலர் என்னிடம் வாதிடுகிறார்கள். நீங்கியது வரி மட்டுமே. பதிவு செய்யும் கடமை அப்படியே இருக்கிறது. விண்ணப்பித்து ஒப்புதல் வந்த பிறகு குறுங்குழலை வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாநிலச் சட்டமும் அதை அனுமதிக்க வேண்டும்.

ஏற்கெனவே டைட்டானியச் சாதனம் பொருத்திய ரைபிள் உங்களிடம் இருந்தால், குண்டை நீக்கிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அந்த மணியின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அதன் பிறகு ஒரு குண்டும் சுட வேண்டாம். தளர்ந்த பிரேக் சாய்ந்தால் குண்டு அதன் சுவரில் உரசும். இரண்டாகப் பிரியும் ஏஆர் வகை ரைபிளானால், குழல் உள்ள மேற்பகுதியைக் கீழ்ப்பகுதியிலிருந்து பிரித்து, மேற்பகுதியை மட்டும் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள்.

சென்ற வாரம் வந்தவருக்கு எஃகு பிரேக் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். அதே அளவுள்ள டைட்டானியத்தைவிட அது சில பத்து கிராம் கூடுதல் எடை. பின், மணி, குழல் மூன்றும் எஃகு என்பதால் அதைப் பற்றவைக்க எனக்குச் சில நிமிடங்களே ஆயின.