ஃப்ரெஸ்கோ: ஈரம் காய்வதற்குள் தீட்டும் ஓவியம்

சுவரில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஃப்ரெஸ்கோ என்று எழுதிவிடுகிறோம், அதுவும் இத்தாலியத் தேவாலயம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சொல்லில் முக்கியமானதே ஈரம்தான்.

இத்தாலிய மொழியில் ஃப்ரெஸ்கோ என்றால் புதியது, குளிர்ச்சியானது. ஜெர்மானிய மொழியிலிருந்து அங்கே போன சொல். ஆங்கிலத்தின் ஃப்ரெஷ்ஷும் அதே வேர்தான். உணவகங்களில் திறந்தவெளி மேசைகளுக்கு 'அல் ஃப்ரெஸ்கோ' என்று போடுகிறார்களே, அங்கே அது குளிர்ந்த காற்றைக் குறிக்கிறது. ஓவியத்தில் குறிப்பது அப்போதுதான் பூசிய சுண்ணாம்புச் சாந்தை. தண்ணீரில் குழைத்த நிறப்பொடியை அதன்மேல் தீட்டினால் பசையே வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு கல்லாக இறுகும்போது நிறமும் அதோடு இறுகிவிடும். ஆனால் ஈரம் சில மணி நேரம்தான் நிற்கும். அதனால் அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பூசுவார்கள். அந்தத் துண்டுக்கு 'ஜொர்னாத்தா' என்று பெயர், ஒரு நாள் வேலை என்று அர்த்தம். பெரிய பிழை வந்தால் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.

இதைத் தெரிந்துகொண்டு வடகிழக்கு இத்தாலியின் உதினே நகரிலுள்ள மறைமுதுவர் (ஆயர்களுக்கும் மேலான கத்தோலிக்கத் தலைவர்) மாளிகை ஓவியங்களைப் பாருங்கள். அன்று வெனிஸ் குடியரசின் ஆட்சியிலிருந்த ஊர் அது. 1720-களின் பிற்பகுதியில், அக்விலேயா மறைமுதுவர் தியோனிசியோ தொல்ஃபினுக்காக வெனிஸ் ஓவியர் ஜாம்பத்திஸ்தா தியெப்போலோ அங்கே பழைய ஏற்பாட்டுக் காட்சிகளைத் தீட்டினார், அப்போது அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். ராகேல் தகப்பனின் சுரூபங்களை, அதாவது வீட்டுத் தெய்வச் சிலைகளை, ஒளித்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது சாராள். பல் போன கிழவி, தியெப்போலோ காலத்துக்கும் முந்தைய 16-ஆம் நூற்றாண்டுப் பாணி உடையில், பிள்ளை பிறக்கும் என்று சொல்ல வந்த தேவதூதன் எதிரே இருக்கிறாள். அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தையும் தூதனின் இளமையையும் சாந்து காய்வதற்குள் பிடித்த கை அது!

சரி, வெனிஸ் ஊருக்குள் ஏன் பெரிய படங்கள் பலவும் துணியில் இருக்கின்றன? கடல் ஈரமும் உப்பும் சுவரை அரித்துவிடும். ஓவியர்கள் ஜொர்ஜோனேயும் தித்சியானோவும் 1508 வாக்கில் அங்கிருந்த ஜெர்மன் வணிகர் மாளிகையின் வெளிச்சுவரில் தீட்டியவற்றில் இன்று சில துண்டுகளே மிச்சம். அப்படித் துணியில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்த படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கூரையிலேயே பதித்திருந்தாலும், ஃப்ரெஸ்கோ ஆகாது.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? சுவரோவியம் என்பது பொதுப்பெயர், காய்ந்த சுவரில் பசை கலந்து வரைந்ததும் அதில் அடங்கும். சுண்ணாம்புச் சாந்துக்கு நம்மிடம் சுதை என்ற நல்ல சொல் இருக்கிறது, கோபுரப் பொம்மைகளைச் சுதைச் சிற்பம் என்றுதானே சொல்கிறோம். மணிமேகலையிலேயே புகார் நகர மாளிகைகளில் 'வெண்சுதை விளக்கத்து வித்தகர் இயற்றிய கண்கவர் ஓவியம்' வருகிறது. அது ஈரத்தில் தீட்டியதா என்று அந்த வரி சொல்லவில்லை, ஆனால் சுண்ணாம்புச் சாந்தும் ஓவியமும் அங்கே சேர்ந்தே நிற்கின்றன. ஆகவே ஃப்ரெஸ்கோவை ஈரச்சுதை ஓவியம் என்றும், சாந்து காய்ந்தபின் தீட்டும் 'செக்கோ' முறையை உலர்சுதை ஓவியம் என்றும் எழுதலாம். தியெப்போலோ காலத்து ஓவியர்களே ஒரே சுவரில் இரண்டையும் கலந்துதான் வேலை செய்தார்கள், சுண்ணாம்பு தாங்காத சில நீலங்களைக் காய்ந்தபின்தான் வைக்க முடியும்.